பெரிய சிலுவைக்குத் தெற்கே, புளியமரத்துக்குக் கிழக்கே

என் அப்பாவைப் பெற்ற ஆயா 1990-இல் இறந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, பெரம்பூர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது, தம் மாமனாரை அடக்கம் செய்த இடத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "பிரசோற்பத்தி வருஷம் ஐப்பசி மாசம், அடமழையிலே, பெரிய சிலுவைக்குத் தெற்கே, புளியமரத்துக்குக் கிழக்கே வெச்சாங்க." அப்போது எனக்கு அது ஒரு கிழவியின் பேச்சாகவே பட்டது. அந்த வாக்கியத்தை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று தோன்றுவதற்கு எனக்கு இருபத்தேழு ஆண்டுகள் பிடித்தன. தேடத் தொடங்கிய பிறகுதான், அதில் ஒரு சொல்கூட வீண் இல்லை என்பது புரிந்தது.

எங்கள் குடும்பம் செங்கல்பட்டுப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தாத்தாவுக்குப் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்ததும் ஊரை விட்டு வந்தார்கள். ஊரில் இருந்த வீடும் சில ஆண்டுகளில் கைமாறியது. தாத்தாவும் ஆயாவும் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, அங்கே பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவதோடு எங்கள் கடமை முடிந்துவிட்டதாகவே நாங்கள் எண்ணியிருந்தோம். ஊரில் கிடப்பவர்களுக்கு விளக்கேற்ற யாருமில்லை என்பதை, அப்பா இறந்து, அவர் பெட்டியில் பழைய காகிதங்களைப் பிரித்துப் பார்த்த அன்றுதான் உணர்ந்தேன்.

முதலில் ஆண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்பி வருபவை. பிரபவ 1927-இல் தொடங்கியது. பிரசோற்பத்தி ஐந்தாவது என்பதால் 1931 சித்திரையில் தொடங்கும் ஆண்டாகிறது. இதற்கு முந்தைய பிரசோற்பத்தி 1871, பிந்தையது 1991. ஆயா கல்யாணமாகி வந்த பிறகு நடந்த சாவு என்பதால் 1931 என்பதில் ஐயமில்லை. ஐப்பசி என்றால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை. வடகிழக்குப் பருவமழைக் காலமாதலால் "அடமழையிலே" என்பதும் பொருந்துகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆங்கில ஆண்டைச் சொல்ல முடியாமல் போனாலும், வருடப் பெயரையோ, தாது வருஷப் பஞ்சத்துக்கு இத்தனை ஆண்டு பிந்தி என்றோ சொன்னால், அதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாது வருடம் 1876-இல் தொடங்கியது என்று தெரிந்தால் போதும், அங்கிருந்து எண்ணிக்கொள்ளலாம்.

அதன் பிறகு நான் செய்தது ஒரு தவறு. சென்னையிலேயே இருக்கும் அச்சிட்ட கல்லறைப் பட்டியல்களில் எங்கள் ஆட்கள் கிடைப்பார்கள் என்று நம்பினேன். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் அதிகாரி தொகுத்து, மதராஸ் அரசு 1905-இல் அச்சிட்ட கல்லறை எழுத்துத் தொகுப்பு மிகப் பெரிய உழைப்பு. ஆனால் அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். கும்பனி வணிகர்களும் படைத்தலைவர்களும் அவர்கள் மனைவி மக்களும் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள். அவர்களுக்குச் சமைத்தவர்களும் குதிரை பார்த்தவர்களும் அதில் ஏறவில்லை. மூன்று மாதங்கள் இப்படிக் கழிந்தன. நம்மவர்களைத் தேடுகிறவர்கள் அச்சுப் புத்தகத்தில் தொடங்காமல், வீட்டுப் பெட்டியிலும், கோவிலின் பங்கு (பாரிஷ்) அலுவலகத்திலும் தொடங்குவதே சரி.

இருந்தாலும் அந்த மூன்று மாதங்களில் கற்ற ஒரு பாடம் பின்னால் உதவியது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680-இல் திறக்கப்பட்ட புனித மேரி ஆலயத்தைச் சுற்றித் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மேல் நிற்கும்போது, கீழே உடல்கள் கிடப்பதாகவே தோன்றும். உண்மையில் அவை இன்று உயர்நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் இருக்கும் பக்கத்துப் பழைய இடுகாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவை. 1758-59-இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அங்கிருந்த உயரமான கல்லறைகள் பகைவருக்கு மறைவிடமாகிவிட்டதால், போருக்குப் பின் அவற்றை இடித்துப் பெயர்ப்பலகைக் கற்களை மட்டும் ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் மகன் கிடக்கும் கல்லறை போன்று ஒன்றிரண்டே பழைய இடத்தில் தங்கின. கல் இருக்கும் இடமும் உடல் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை நான் தெரிந்துகொண்டது அங்கேதான். கிராமங்களில் பழைய கல்லறைக் கல் துவைக்கும் கல்லாகவும் வாய்க்கால் மூடியாகவும் போயிருப்பதை அதற்குப் பிறகு என் கண்ணாலேயே பார்த்தேன்.

அடுத்தது பதிவேடு. இதில்தான் அதிக நாள் செலவாயிற்று, அதிகப் பயனும் கிடைத்தது.

சென்னைப் பகுதிக் கத்தோலிக்கர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1606-இல் போர்த்துகீசிய ஆதரவில் ஏற்பட்ட மயிலாப்பூர் மறைமாவட்டமும், 1886-இல் அமைந்த மதராஸ் உயர்மறைமாவட்டமும் 1952-இல்தான் ஒன்றாக இணைந்தன. அதற்கு முன் அடுத்தடுத்த ஊர்கள்கூட வெவ்வேறு ஆயரின் (பிஷப்பின்) கீழ் இருந்திருக்கலாம். செங்கல்பட்டு தனி மறைமாவட்டமானது 2002-இல். எங்கள் ஊர் இன்று தனிப் பங்கு. 1931-இல் அது ஒரு கிளைக் கிராமம் மட்டுமே. தாய்ப் பங்கிலிருந்து சாமியார் மாதம் ஒரு முறை மாட்டுவண்டியில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவாராம். ஆகவே இன்றைய பங்கில் எவ்வளவு தேடினாலும் 1931-ஆம் ஆண்டின் ஏடு இருக்காது. அது தாய்ப் பங்கில் இருக்கும். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்கும் இதே போன்ற நிலைதான். அத்திருச்சபை 1947 செப்டம்பரில் உருவானது. அதற்கு முன் உங்கள் குடும்பம் ஆங்கிலிக்கன் சபையில் இருந்ததா, வெஸ்லியன் சபையில் இருந்ததா, ஸ்காட்லாந்து மிஷனில் இருந்ததா என்று தெரிந்தால்தான் எந்த ஏட்டைக் கேட்பது என்று தெரியும்.

தாய்ப் பங்கின் அலுவலகத்துக்கு என் திருமுழுக்குச் சான்றிதழையும் அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு, தேடும் காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, ஃபாதர் சொன்ன நாளில் போனேன். ஏட்டைப் படம் எடுக்க அனுமதி கிடைக்கவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. முந்நூறு குடும்பங்களின் அந்தரங்கம் அதில் இருக்கிறது. பென்சிலால் நோட்டில் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். பேனா கொண்டுபோகாதீர்கள், ஏட்டின் மேல் ஒரு சொட்டு மை சிந்தினால் அது நிரந்தரம்.

1931 ஐப்பசி முழுவதையும் இரண்டு முறை பார்த்தும் கொள்ளுத்தாத்தாவின் பெயர் இல்லை. அவருக்கு இட்டிருந்தது சின்னப்பர் என்னும் புனிதரின் பெயர். ஏட்டில் சின்னப்பன் என்று ஒருவர்கூட இல்லை. மறு வாரம் மீண்டும் போனபோது, பக்கத்து மேசையில் திருமண ஓலை எழுதிக்கொண்டிருந்த வயதான உபதேசியார் ஒருவர், என் தவிப்பைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஏடு லத்தீன்லே இருக்குது. சின்னப்பர்னா பவுலுஸ். அந்தப் பேரைத் தேடுங்க" என்றார். தேடினேன், இருந்தார். பவுலுஸ், அலோய்சியுஸின் மகன். அலோய்சியுஸ் என்பது ஞானப்பிரகாசம். ஆயா எத்தனையோ முறை சொன்ன அதே பெயர்! அந்த வரியின் மேல் விரலை வைக்காமல், அதை மூன்று முறை படித்தேன்.

நம் முன்னோர் புனிதர்களின் பெயர்களைத் தமிழாக்கியே வழங்கினார்கள். சாமியார்களோ ஏட்டில் அவற்றை லத்தீனுக்குத் திருப்பி எழுதினார்கள். இராயப்பன் பேத்ருஸ் ஆவார், அருளப்பன் யோவான்னஸ் ஆவார், சூசை யோசேப்புஸ், யாகப்பன் யாக்கோபுஸ். ஃபீலியுஸ் என்றால் மகன், உக்ஸோர் என்றால் மனைவி, செபுல்துஸ் என்றால் அடக்கம் செய்யப்பட்டவர், ஃபெப்ரிஸ் என்றால் காய்ச்சல். இந்தப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் தெரிந்தால் ஒரு கிராமத்தின் இறப்பு ஏட்டைப் படித்துவிடலாம். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் வரியில் ஃபெப்ரிஸ் என்றே இருந்தது.

இன்னொன்றும் செய்தேன். அது தற்செயலாகச் செய்தது என்றாலும், எல்லோருக்கும் நான் முதலில் சொல்லும் அறிவுரை அதுதான். அவருடைய வரியை மட்டும் எழுதிக்கொள்ளாமல், அதற்கு முன்னும் பின்னும் ஒரு மாதத்தில் அந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்ட அனைவரின் வரிகளையும் எழுதிக்கொண்டேன். மொத்தம் ஒன்பது பேர். அவருக்கு நான்கு நாள் முன்பு பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கிய ஒருவர். அவருக்கும் கொள்ளுத்தாத்தாவுக்கும் இடையில் பிறந்து பதினோரு நாளே ஆன ஒரு பெண் குழந்தை.

ஊருக்குப் போனது பிப்ரவரியில். கல்லறைத் திருநாளுக்குப் புல் வெட்டிச் சுத்தம் செய்வார்கள் என்றாலும், அதன் பின் பெய்யும் மழையில் டிசம்பருக்குள் முழங்கால் உயரம் வளர்ந்துவிடும். கண்ணாடி விரியன் படுத்திருந்தால் தெரியாது. பொங்கல் கழிந்து செடிகள் காய்ந்த பிறகு, கோடை ஏறுவதற்கு முன் போவதே பாதுகாப்பு. மூடிய காலணியும் தரையைத் தட்டிக்கொண்டு நடக்க ஒரு கம்பும் கட்டாயம். தம்பியும் அவன் மகனும் உடன் வந்தார்கள். பங்குத்தந்தையிடம் முன்பே சொல்லியிருந்ததால், குழி வெட்டும் அண்ணன் ஒருவர் வாசலில் காத்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் அப்பாவும் தாத்தாவும் அதே வேலை பார்த்தவர்கள். அவருக்கு அன்றைய கூலியை முன்னதாகவே பேசிக் கொடுத்துவிட்டோம். அவர் அறிவைக் காசு கொடுக்காமல் வாங்கப் போகிறவர்களை நான் மதிப்பதில்லை.

"புளியமரம் எங்கே அண்ணே?" என்று கேட்டேன். வர்தா புயலில் விழுந்துவிட்டதாகச் சொல்லி, வேர் பெயர்ந்த பள்ளத்தைக் காட்டினார். 2016 டிசம்பர் வரை நின்றிருந்த மரம். எங்கள் அப்பா உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாள் வந்திருந்தால் அதன் நிழலிலேயே நின்றிருக்கலாம்.

பெரிய சிலுவையைப் பார்த்த பிறகுதான் ஆயா சொன்ன வாக்கியத்தின் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது. சிலுவைக்குத் தெற்கே, கிழக்கு மேற்காக இடுப்பு உயரத்தில் ஒரு செங்கற்சுவர். வடக்கே பளிங்கும் கருங்கல்லும் நெருக்கமாக இருந்தன. தெற்கே பெரும்பாலும் மண்மேடுகள். அங்கங்கே மரச்சிலுவைகள், ஏழெட்டுக் கற்கள் மட்டும். ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்களைச் சாதி பார்த்துப் பிரித்துப் புதைத்த சுவர் அது. நாங்கள் எந்தப் பக்கம் என்பதை ஆயா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "தெற்கே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தம்பி அந்தச் சுவரின் மேல் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றான். பழைய தோட்டங்களில் தேடுகிறவர்கள் இப்படியொன்றைப் பார்க்க நேரலாம் என்று முன்கூட்டியே மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதியவர்கள் திசையைச் சொன்னால், அந்தத் திசையில் என்ன இருக்கிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்குப் பகுதியில் எழுத்துள்ள கற்கள் ஏழு. காலை எட்டு மணிக்குள் வெயில் சாய்வாக விழும்போது, செதுக்கிய எழுத்தின் ஒரு விளிம்பில் நிழல் கட்டும். அப்போது படிப்பது எளிது. வெயில் ஏறிவிட்டால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து ஒளியைக் கல்லின் மேல் சாய்வாக அடிக்கலாம். கல்லைத் தண்ணீரால் நனைத்து, மென்மையான பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசியை மட்டும் தள்ளினால் போதும். ஒவ்வோர் ஆண்டும் அடித்த சுண்ணாம்பு எழுத்துக் குழிகளில் ஏறி இறுகியிருந்தால் அதைச் சுரண்ட வேண்டாம். விரல் நுனியால் தடவியே பல எழுத்துகளைப் படித்துவிடலாம். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கீழ்ப்பாக்கத்தில் எங்கள் தாத்தாவின் பளிங்குக் கல்லில் இருந்த கறையைப் போக்கவென்று, பல ஆண்டுகளுக்கு முன் நானே கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றினேன். பளிங்கு சுண்ணாம்பு இனத்துக் கல். அமிலம் பட்டால் கரையும். நுரைத்துக்கொண்டு கறை போனது, கூடவே மேற்பரப்பின் மெருகும் எழுத்தின் கூர்மையும் போயின. அதை இன்று வரை என்னால் சரிசெய்ய முடியவில்லை.

கருங்கல் அப்படியில்லை. செங்கல்பட்டிலிருந்து பல்லாவரம் வரை கிடைக்கும் அந்தக் கருநிறக் கல் மிகவும் உறுதியானது. கல்கத்தாவில் கும்பனி அதிகாரி ஜோப் சார்னக்கின் கல்லறை மேல் கிடப்பதும் அதே இனம்தான். அதனால்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்டு அந்தக் கல்லினத்துக்கே சார்னகைட் என்று பெயர் வைத்தார். அதில் வெட்டிய எழுத்து நூறு ஆண்டுகளில் அழியாது. அழிவது ஏழைகளின் செங்கல் கல்லறைதான். ஈரமான சாந்தில் ஆணியால் கீறிய பெயர் நாலைந்து மழைக்காலங்களுக்கு மேல் தாங்காது.

ஏழு கற்களில் ஒன்றில் ஆண்டைப் படிக்க முடியாமல் அரை மணி நேரம் திணறினேன். "கூ", "ங" என்பன போன்ற எழுத்துகள் இருந்ததால், அவற்றை யாரோ ஒருவருடைய பெயரின் முதலெழுத்துகள் என்று எண்ணிவிட்டேன். தம்பி மகன்தான், இவை தமிழ் எண்களாக இருக்கலாமே என்றான். ௲௯௱௩௰௧. ௲ ஆயிரம், ௯௱ தொள்ளாயிரம், ௩௰ முப்பது, ௧ ஒன்று: 1931. அதன் பக்கத்தில் வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்னும் குறிகளும் இருந்தன. ௬ என்பது சு போலவும், ௮ என்பது அ போலவும், ௯ என்பது கூ போலவும் தெரியும் என்பதைப் பழக்கிக்கொள்ளாமல் பழைய கல்லறைக்குப் போகக் கூடாது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் வழங்கிய ணை, லை, றா போன்றவற்றின் பழைய வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டால் நல்லது.

அந்தக் கல்தான் பட்டாளத்துக்காரருடையது. பெயரும் நாளும் ஏட்டோடு பொருந்தின. கோட்டையில் கற்ற பாடம் நினைவுக்கு வந்ததால், கல் பெயர்த்து வைக்கப்பட்டதா என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் கம்பியால் நான்கு பக்கமும் மெல்லக் குத்திப் பார்த்துவிட்டு, அடியில் செங்கல் வரிசை சுற்றிலும் இருப்பதாகவும், கல் அதன் இடத்திலேயே இருப்பதாகவும் சொன்னார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அந்தக் காலத்திலே இந்தப் பக்கம் யாருக்கும் இஷ்டப்பட்ட இடமெல்லாம் கிடையாதுக்கா. வரிசையா வெட்டிக்கினே போவாங்க. எங்க தாத்தா அப்படித்தான் சொல்லுவாரு" என்றார்.

அதே வரிசையில் வடக்கே இருந்த இரண்டு கற்களில் ஒன்று 1931 ஆவணி, மற்றொன்று புரட்டாசி. ஆக, வரிசை வடக்கிலிருந்து தெற்கே நகர்ந்திருக்கிறது. பட்டாளத்துக்காரருக்குத் தெற்கே முதலில் அந்தப் பதினோரு நாள் குழந்தை, அதற்கு அடுத்தது எங்கள் கொள்ளுத்தாத்தா. அந்த இடத்தில் கல் இல்லை, சிலுவை இல்லை. தரை கொஞ்சம் தாழ்ந்து, நெருஞ்சி படர்ந்திருந்தது. புளியமரப் பள்ளம் அதற்கு நேர் மேற்கே இருபதடி தூரத்தில்.

அங்கே ஒரு கல் நட வேண்டும் என்று தம்பி விரும்பினான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஓர் அடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பிசகியிருந்தால், அந்தக் குழந்தையின் மேல் எங்கள் பெயரை எழுதியவர்களாவோம். வரிசையின் தெற்கு முனையில், சுவரோரமாக, அந்த மாதத்தில் அடக்கமான ஒன்பது பேரின் பெயர்களையும் ஏட்டில் உள்ளபடியே ஒரே கல்லில் வெட்டி வைக்கப் பங்குத்தந்தையிடம் எழுதிக் கேட்டிருக்கிறோம். அனுமதி வரும் வரை பொறுத்திருப்போம்.

நாங்கள் நாடாவால் அளந்து நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தபோது, சுள்ளி பொறுக்க வந்த ஒரு மூதாட்டி அருகே வந்து, "நீங்க யாரு வூட்டுப் புள்ளைங்க?" என்று கேட்டார். ஆயாவின் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. ரயில் வேலைக்குப் போன வீடு என்றதும் தெரிந்துவிட்டது. அவர் கட்டை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். தம் கணவர் எங்கே கிடக்கிறார், இரண்டாவது மகன் எங்கே கிடக்கிறான், மாமியார் எங்கே என்று ஒவ்வொரு மேடாகக் கை நீட்டினார். ஒன்றின் மேலும் எழுத்து இல்லை. "எனக்கு எழுதத் தெரியாதும்மா, நீ எழுதிக்கோ" என்றார். எழுதத் தொடங்கினேன். சிறிது நேரத்தில் அவர் தெருவிலிருந்து இன்னும் மூன்று பெண்கள் வந்தார்கள். அவர்கள் பெயரைச் சொல்லச் சொல்ல, அண்ணன் அந்தந்த இடத்தில் ஒரு சிறு கல்லை வைக்க, தம்பி அளந்து தூரத்தைச் சொல்ல, இருட்டும் வரை நாற்பத்தொரு பெயர்களை எழுதினோம். அதற்கு மறு ஞாயிறு, படத்தோடு இரண்டு படி எடுத்து, ஒன்றைப் பங்கு அலுவலகத்திலும் மற்றொன்றை அந்த மூதாட்டியின் பேத்தியிடமும் கொடுத்துவிட்டு வந்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண், நோட்டை வாங்கியதும் தன் தாத்தாவின் பெயரை முதலில் தேடி, அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள்.